3,000 வாட்ஸ் ஸ்பீக்கர் உண்மையா? கணினி மேசைக்கு ஏற்ற ஜோடியைத் தேர்வு செய்வது எப்படி?

சென்னை ரிச்சி தெருவில் கணினிக்கு ஸ்பீக்கர் வேண்டும் என்று கேட்டால், பேச்சு பெரும்பாலும் வாட்ஸில்தான் தொடங்கும். "சார், இது 3,000 வாட்ஸ். சப்-வூஃபரோட வருது, லைட்டெல்லாம் எரியும், செம சவுண்டு." பக்கத்திலேயே விளக்கும் இல்லாமல் அலங்காரமும் இல்லாமல் இரண்டு மரப்பெட்டிகள் இருக்கும். அட்டையில் 42 வாட்ஸ் என்று போட்டிருக்கும். விலையோ இரண்டு மடங்கு. பார்க்கிறவர் எதை எடுப்பார்? பாட்டு கேட்கவும் கேம் விளையாடவும் ஒரே ஸ்பீக்கர் தேடும் கல்லூரி மாணவர், சேர்த்து வைத்த பணத்தைக் கொண்டுபோய் அந்த 3,000 வாட்ஸில் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து "சத்தம் இருக்கு, ஆனா பாட்டு வரி புரியல" என்று சொல்வது இப்படித்தான்.

அந்த 3,000 எங்கிருந்து வருகிறது?

அட்டையில் சின்ன எழுத்தில் 'பிஎம்பிஓ' என்று இருக்கும். ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் அதிகபட்சமாக எவ்வளவு சக்தி வெளிப்படலாம் என்று தயாரிப்பாளர் போட்டுக்கொள்ளும் எண் அது. அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொதுவான விதிமுறை கிடையாது. அதனால் யார் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், போடுகிறார்கள். பார்க்க வேண்டியது 'ஆர்எம்எஸ்' எண். தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு சக்தி கிடைக்கும் என்பதை அதுதான் சொல்லும்.

ஆர்எம்எஸ் எண்ணையும் நம்ப முடியவில்லையா? கடையிலேயே கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஸ்பீக்கரோடு வரும் அடாப்டரை எடுத்துப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 24 வாட்ஸ். 24 உள்ளே போகும் பெட்டியிலிருந்து தொடர்ந்து 24-க்கு மேல் வெளியே வர வழியில்லை. கொஞ்சம் சூடாகவும் வீணாகும். யுஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுக்கும் ஸ்பீக்கர் என்றால் கணக்கு இன்னும் எளிது. யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட்ஸ். அதில் செருகும் பொருளின் அட்டையில் 100 வாட்ஸ் என்று இருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடலாம்.

மேசைக்கு எவ்வளவு சத்தம் வேண்டும்?

கல்யாண மண்டபத்தில் வைக்கும் ஸ்பீக்கருக்குக் கடைசி வரிசை வரை சத்தம் போய்ச் சேர வேண்டும். கணினி மேசையில் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இருக்காது. தூரம் இரண்டு மடங்கானால் திறந்த வெளியில் சத்தம் 6 டெசிபல் குறையும். பக்கத்தில் உட்காருகிறவருக்கு அந்த இழப்பு இல்லை.

உதாரணத்துக்கு, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 84 டெசிபல் தரும் ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சக்தி இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பாட்டை 80 டெசிபலில் கேட்க இதற்கு அரை வாட்கூடத் தேவையில்லை. நடுவில் திடீரென்று தவில் அடி வந்து 15 டெசிபல் எகிறினால், அந்தக் கணத்துக்கு 12, 13 வாட்ஸ் வேண்டும். ஆகப் பக்கத்துக்கு 20 வாட்ஸ் இருந்தால் மேசைக்குத் தாராளம். நம் காதுக்குச் சத்தம் 'இரண்டு மடங்கு' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு சக்தி செலவாகும். 20 வாட்ஸுக்கும் 40 வாட்ஸுக்கும் காதில் தெரியும் வித்தியாசம் அவ்வளவு சின்னது.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் பாதுகாப்பு அளவு. 90 டெசிபலுக்கு ஏறினால் அந்த 40 மணி நேரம் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். தினமும் ஐந்து மணி நேரம் மேசையில் உட்காருகிற பையனுக்கு 200 வாட்ஸ் எதற்கு என்று வீட்டில் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

சப்-வூஃபர் வேணுமா, வேண்டாமா?

நம்மூரில் ஸ்பீக்கர் என்றாலே 2.1 தான்: இரண்டு குட்டிப் பெட்டி, கீழே வைக்க ஒரு பெரிய பெட்டி. இதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். காரணம் புரிய ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளலாம். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடார் தனிப் பாத்திரம் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். நான்கு தந்தி பேஸ் கிடாரின் தடித்த தந்தி எழுப்பும் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். மேசையில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. அப்படியானால் பேஸ் கேட்காதா? கேட்கும். ஒரு தந்தியைத் தட்டினால் 41 மட்டும் வருவதில்லை. அதன் மடங்குகளான 82, 123 எல்லாம் கூடவே வரும். அவற்றைக் கேட்டதும் விடுபட்ட அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். நல்ல 4 அங்குல வூஃபர் இந்த மடங்குகளைச் சுத்தமாகக் கொடுத்தால், பேஸ் கிடார் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று தெளிவாகப் பின்தொடர முடியும். மார்பில் வந்து இடிக்காது, அவ்வளவுதான்.

விலை குறைந்த 2.1 செட்டில் நடப்பது வேறு. சப்-வூஃபர் பெட்டி ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் அதிகமாக அதிரும். கிடார் எந்தச் சுரத்தை வாசித்தாலும் அங்கிருந்து வருவது ஒரே 'தும்'. மேலே இருக்கும் குட்டிப் பெட்டிகளில் இரண்டு அங்குலக் கூம்புதான் இருக்கும். அது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணறும். ஆண் குரலின் அடிப்பகுதி, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் எல்லாம் விழுகிற இடம் அதுதான். மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நடுவில் ஒரு பள்ளம். 'சத்தம் இருக்கு, வரி புரியல' என்ற புகாருக்கு இந்தப் பள்ளம்தான் பெரும்பாலும் காரணம்.

2.1 எல்லாமே குப்பை என்று அர்த்தமில்லை. அதிகம் பார்ப்பது சண்டைப் படம், விளையாடுவது கார் ரேஸ், குண்டு வெடிப்பு என்றால் சப்-வூஃபர் தரும் அதிர்வு ஒரு சுகம்தான். ஆனால் அதே விலைக்கு இரண்டு பெரிய பெட்டி கிடைக்குமா, ஒரு பெரிய பெட்டியும் இரண்டு குட்டியும் கிடைக்குமா என்று வந்தால், பாட்டுக்காக வாங்குகிறவருக்கு முதலாவதுதான் லாபம். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கூடுதல் காரணம் உண்டு. தரையில் வைத்த சப்-வூஃபரின் அதிர்வு கான்கிரீட் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். இரவு பதினோரு மணிக்கு கீழ்வீட்டு மாமா படியேறி வருவார்.

எந்த விலையில் என்ன கிடைக்கும்?

விலை கடைக்குக் கடை, சீஸனுக்கு சீஸன் மாறும் என்பதால் இதைத் தோராயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பவை பேச்சுக்கு, ஆன்லைன் வகுப்புக்குப் போதும். 2,000 ரூபாயை ஒட்டி கிரியேட்டிவ் பெபிள் மாதிரியான யுஎஸ்பி ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. அதன் மொத்தச் சக்தி 4.4 வாட்ஸ்தான். ஆனால் உருண்டைக்குள் இருக்கும் கூம்பு 45 டிகிரி மேல்நோக்கி, நேராகக் காதைப் பார்க்கும்படி அமைந்திருக்கிறது. 3,000 வாட்ஸ் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் பரிதாபமாகத் தெரியும். பாட்டு வரி மட்டும் தெளிவாகக் கேட்கும்.

10,000 ரூபாயை ஒட்டிப் போனால்தான் உண்மையான தாவல். எடிஃபையர் ஆர்1280டி, எடிஃபையர் எம்ஆர்4, பிரிசோனஸ் எரிஸ் 3.5 போன்றவை இந்த வகை. மூன்றரை அல்லது நான்கு அங்குல வூஃபர், அதற்கு மேலே மென்மையான பட்டு வகைத் துணியால் ஆன தனி ட்வீட்டர், கனமான பெட்டி, உள்ளேயே ஆம்ப்ளிஃபையர். பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கக் குமிழும் உண்டு. எடிஃபையர் இரண்டுக்கும் மொத்தச் சக்தி 42 வாட்ஸ், அதாவது பக்கத்துக்கு 21. மேலே போட்ட கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. கையில் இப்போது ஐயாயிரம்தான் இருக்கிறது என்றால், அந்த விலையில் பளபளக்கும் 2.1 வாங்குவதைவிட, பெபிள் வகையில் ஒன்றை வாங்கி ஓட்டிவிட்டு மீதியைச் சேர்ப்பது புத்திசாலித்தனம்.

அட்டையில் '20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று கூடவே சொல்லாவிட்டால் அந்த வரிக்கு அர்த்தமில்லை. ஆர்ஜிபி விளக்கு காதுக்குக் கேட்காது. சவுண்டுபார் இடத்தை மிச்சம் பிடிக்கும். ஆனால் இடமும் வலமும் ஒட்டியே இருப்பதால் ஸ்டீரியோ விரிவு குறைவு.

செலவே இல்லாத வழி ஒன்றும் பல வீடுகளில் பரண் மேல் தூங்குகிறது. டேப், சிடி காலத்து மினி ஹைஃபை செட்டின் பெட்டிகள் உடையாமல் இருந்தால், ஒரு சின்ன டிஜிட்டல் ஆம்ப் வாங்கி இணைத்துப் பார்க்கலாம். பெட்டியின் பின்னால் 4, 6, 8 என்று எழுதியிருக்கும் ஓம் அளவு அந்த ஆம்புக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமால் ஆனதா, ரப்பரா என்றும் தடவிப் பார்க்க வேண்டும். ஃபோம் வளையம் ஈரக்காற்றில் நாளடைவில் மட்கி உதிரும். கடலோர ஊர்களில் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதும் இதுதான் முதல் சோதனை.

கேமுக்கு ப்ளூடூத் ஏன் ஒத்துவராது?

ப்ளூடூத் ஸ்பீக்கரில் யூடியூப் பார்த்தால் வாயசைவும் சத்தமும் பொருந்தியே இருக்கும். அதை நம்பி கேமுக்கும் அதையே வைத்தால், துப்பாக்கி சுட்ட பிறகுதான் வெடிச்சத்தம் வரும். வீடியோ என்றால் சத்தம் தாமதமாகும் அளவுக்குப் படத்தையும் நிறுத்திவைத்துக் காட்ட முடியும். கேமில் அப்படி நிறுத்த முடியாது; பொத்தானை அழுத்திய அந்தக் கணத்தில் படம் நகர்ந்தாக வேண்டும். சாதாரண ப்ளூடூத்தில் தாமதம் 200 மில்லிவிநாடியைத் தொடுவது சகஜம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் அது 12 ஃபிரேம். எதிராளி அதற்குள் உங்களை முடித்துவிடுவார். ப்ளூடூத் வசதி இருந்தால் இருக்கட்டும், மொபைலில் பாட்டு போட உதவும். கேமுக்கு 3.5 மி.மீ. கேபிளோ யுஎஸ்பி கேபிளோதான்.

வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் மாதிரியான போட்டிக் கேம்களைத் தீவிரமாக ஆடுகிறவர்கள் ஹெட்செட்டை விட்டு வர வேண்டியதில்லை. காலடிச் சத்தம் பின்னாலிருந்தா முன்னாலிருந்தா என்று பிரித்துக் காட்டும் வசதிகள் ஹெட்ஃபோனை மனதில் வைத்தே செய்யப்படுகின்றன. ஸ்பீக்கர் ஓடும்போது மைக்கைத் திறந்தால், கூட ஆடுகிற நண்பர்களுக்கு அவர்கள் குரலே எதிரொலிக்கும்: "டேய், மைக்கை மியூட் பண்ணுடா!" கதை சொல்லும் கேம், கார் ரேஸ், ஃபுட்பால் இதற்கெல்லாம் ஸ்பீக்கர்தான் சுகம், காதும் வியர்க்காது.

வாங்கி வந்த பிறகு

பத்தாயிரம் கொடுத்து வாங்கியதை மானிட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் ஆயிரம் ரூபாய் ஸ்பீக்கர் மாதிரிதான் கேட்கும். இரண்டு பெட்டிகளும் உங்கள் தலையும் சமமான முக்கோணமாக அமையட்டும். மெல்லிய ஒலிகள் நேர்கோட்டில் போகும் சுபாவம் கொண்டவை. ட்வீட்டர் மார்பைப் பார்த்தால் பாட்டு மங்கலாகும். பெட்டியின் முன் விளிம்புக்கு அடியில் ஆளுக்கு ஒரு தீப்பெட்டி வைத்து, முகத்தைப் பார்க்கும்படி சாய்த்தாலே வித்தியாசம் தெரியும். சுவர் மூலையில் தள்ளினால் பேஸ் வீங்கும். பெட்டிக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் சுவருக்கும் அதற்கும் ஒரு கையளவாவது இடைவெளி விடலாம். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருக்கும் அறையில் ஒரு கனமான திரைச்சீலை செய்யும் வேலையை எந்த ஈக்குவலைசரும் செய்யாது.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நன்றாகப் பழகிய ஒரு பாட்டைக் குறைந்த சத்தத்தில் போடுங்கள். பாடுகிறவர் குரல் மானிட்டரின் நடுவிலிருந்து வர வேண்டும். கடையிலும் இதே சோதனைதான்; முழுச் சத்தத்தில் போட்டுக் காட்டினால், "கொஞ்சம் கம்மி பண்ணுங்கண்ணே" என்று கேட்கத் தயங்க வேண்டாம். இடம் வலம் மாறிப்போகாமல் செருகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மாறியிருந்தால் கேமில் எதிரி இடப்பக்கம் வரும்போது நீங்கள் வலப்பக்கம் திரும்புவீர்கள்.

லேப்டாப் சார்ஜரைச் செருகும்போது மட்டும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் எர்த் இணைப்பில் ஏற்படும் சுற்றுதான் அது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்ற சின்னப் பொருளை ஆடியோ கேபிளுக்கு நடுவில் போடலாம்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ அத்தை மகளோ ஊருக்கு வரும்போது அங்கே மலிவு என்று வாங்கி வருவதாகச் சொன்னால், பெட்டியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். '100-240 வோல்ட்' என்று இருந்தால் வாங்கச் சொல்லலாம். வெறும் 120 வோல்ட் என்று இருந்தால் வேண்டாம். இங்கே வருவது 230 வோல்ட், செருகிய நிமிடத்திலேயே உள்ளே கருகிவிடும்.