இங்கிலாந்தில் கார்ப் மீன் ஏரி: உறுப்பினராகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

'சிண்டிகேட்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் நாட்டில் மோசடிக் கும்பல்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் தூண்டில் போடுபவர்களிடையே அச்சொல்லுக்கு வேறு பொருள். ஓர் ஏரியைக் குறிப்பிட்ட சில உறுப்பினர்கள் மட்டும் ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் ஏற்பாட்டை அங்கு சிண்டிகேட் என்கிறார்கள். வேலைக்கும் படிப்புக்கும் அங்கு சென்றிருக்கும் நம்மவர்களில் தூண்டில் ஆர்வம் உள்ளவர்கள், இத்தகைய குழுவில் பணம் கட்டுமுன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

இங்கு நாம் 'லீ கோ' என்று அழைக்கும் மீன்தான் கார்ப். நம் ஊர்க் கட்டணக் குளங்களில் மணிக்கணக்கில் காசு கட்டி, பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டு வருவோர் உண்டு. இங்கிலாந்தின் கார்ப் ஏரிகளில் அது நடக்காது. பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்து, உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

கார்ப் பல பத்தாண்டுகள் வாழக்கூடியது. ஹியர்ஃபோர்ட்ஷயரில் உள்ள ரெட்மயர் என்ற சிறு குளத்தில் 1952-ஆம் ஆண்டு ரிச்சர்ட் வாக்கர் பிடித்த கார்ப் ஏறக்குறைய 20 கிலோ எடை இருந்தது. லண்டன் விலங்கியல் பூங்காவுக்குக் கொண்டு செல்லப்பட்ட அந்த மீன், அங்கு மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தது. கென்ட் வட்டாரத்தின் கானிங்புரூக் ஏரியில் 2008-இல் பிடிபட்ட 'டூ டோன்' என்ற கார்ப் 30 கிலோவுக்கும் அதிகம். உடலில் இரண்டு நிறம் இருந்ததால் அதற்கு அந்தப் பெயர். ஒரே மீன் பல ஆண்டுகளில் பலரின் கைக்கு வருவதால், உறுப்பினர்கள் அதைச் சொந்தச் செல்வம்போல் காக்கிறார்கள். விதிமுறைகள் கடுமையாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஏரியைத் தேடும் பலர் முதலில் கேட்பது, "ஆகப் பெரிய மீன் எத்தனை கிலோ?" என்பதே. அதற்கு முன் கேட்க வேண்டியது, "மாதத்தில் எத்தனை இரவு நம்மால் அங்கு தங்க முடியும்?" என்பது.

எடுத்துக்காட்டாக, 20 ஏக்கர் ஏரியில் 40 பெரிய மீன்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஓர் இரவு மட்டும் போகக்கூடியவர், அங்கு ஆண்டு முழுவதும் ஒரு மீனைக்கூடத் தொடாமல் போகலாம். அவருக்கு 4 ஏக்கரில் 200 நடுத்தர மீன்கள் உள்ள ஏரியே பொருத்தம். வாரத்தில் மூன்று நாள் ஒதுக்க முடிந்தவருக்குப் பெரிய ஏரியின் சவால் பிடிக்கக்கூடும். குளிர்காலத்தில் கார்ப் குறைவாகவே இரை எடுக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தூரமும் முக்கியம். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து மூன்று மணி நேரம் காரோட்டிப் போக வேண்டிய ஏரிக்கு, முதல் மாதத்தில் இருக்கும் உற்சாகம் நான்காம் மாதத்தில் இருக்காது.

நேரில் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்

பெரும்பாலான ஏரிகள் தனியார் நிலத்தில் உள்ளன. அனுமதி பெற்றுத்தான் உள்ளே செல்ல வேண்டும். பொறுப்பாளரிடம் கேட்டால், சுற்றிக் காட்ட ஒரு நாள் குறித்துக் கொடுப்பார். வெயில் அடிக்கும் பிற்பகலாக இருந்தால் நல்லது. மீன்கள் மேல்மட்டத்தில் உலவுவதைப் பார்க்கலாம்.

மொத்த உறுப்பினர் எத்தனை பேர், தூண்டில் போடும் இடங்கள் எத்தனை என்று கேளுங்கள். 50 பேருக்கு 12 இடங்கள் என்றால், வாரக் கடைசியில் இடம் கிடைக்குமா? வெள்ளிக்கிழமை மாலை கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தாலே பாதி பதில் தெரிந்துவிடும். அங்கு உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களிடம் பேசினால் மீதிப் பதிலும் கிடைக்கும். விளம்பரம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். அருகிலுள்ள தூண்டில் கடைக்காரரிடமும் விசாரிக்கலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஏரி குழுவுக்குச் சொந்தமா, குத்தகையா? குத்தகை என்றால் எப்போது முடிகிறது? நில உரிமையாளர் புதுப்பிக்காவிட்டால், மீன்களோடு ஏரியும் கைவிட்டுப் போகும்.

இடையில் விலகினால் கட்டணத்தில் ஏதாவது திரும்பக் கிடைக்குமா? வேலை மாற்றம் வரக்கூடியவர்கள் இதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

இரவு தங்கலாமா, தொடர்ந்து எத்தனை மணி நேரம்? மனைவி, பிள்ளைகள், நண்பர்களை அழைத்து வரலாமா? பல ஏரிகளில் விருந்தினருக்கு அனுமதி இல்லை.

கொத்தோங் ரோயோங் உண்டா? கரையைச் செப்பனிடவும் செடிகளை வெட்டவும் ஆண்டுக்குச் சில நாள்கள் உறுப்பினர்கள் வர வேண்டும் என்று சில குழுக்கள் எதிர்பார்க்கின்றன.

நீர்நாய் நுழையாதபடி வேலி இருக்கிறதா? நீர்நாய் அங்கு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதைக் கொல்ல முடியாது என்பதால், பெரிய கார்ப்களைக் காப்பாற்ற வேலியே வழி.

வலைகளை உலர்த்திக் கொண்டு வரச் சொல்கிறார்களா? ஈரமான வலை வழியாக ஓர் ஏரியின் நோய் இன்னொரு ஏரிக்குப் பரவும். கார்ப்களைக் கூட்டமாகக் கொல்லும் கோய் ஹெர்பஸ் வைரஸ், அரசாங்கத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. இந்த விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றும் குழு, மீன்மீது அக்கறை உள்ள குழு.

உரிமம் தனி

குழுவில் சேர்ந்துவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. இங்கிலாந்தில் நன்னீர் மீன் பிடிக்க 13 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவருக்கும் தூண்டில் உரிமம் வேண்டும். 13 முதல் 16 வயது வரை அது இலவசம் என்றாலும், எடுத்து வைத்திருப்பது கட்டாயம். உரிமம் இன்றிப் பிடிபட்டால் 2,500 பவுண்ட் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கார்ப் போன்ற மீன்களைப் பிடிக்கத் தடை உள்ளது. பெரும்பாலான ஏரிகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆயினும் மீன்கள் முட்டையிடும் காலத்தில் தாங்களாகவே ஏரியை மூடும் குழுக்கள் உண்டு. ஆண்டுக் கட்டணம் எத்தனை மாதங்களுக்கு என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நல்ல ஏரிகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாகவே இருக்கும். பெயரைப் பதிந்துவிட்டு, அதுவரை நாள் கட்டண ஏரிகளிலோ, பல ஏரிகளை வைத்திருக்கும் உள்ளூர்ச் சங்கத்திலோ ஓராண்டு பழகலாம். செலவு குறைவு, தமக்கு எப்படிப்பட்ட ஏரி பிடிக்கும் என்பதும் தெளிவாகும். அழைப்பு வரும்போது, அவசரப்பட்டுத் தலையாட்டாமல் கேள்வி கேட்டு முடிவெடுக்க அந்த அனுபவம் கைகொடுக்கும்.