தீயணைப்புக்கு ஊர், பொலிஸுக்குக் கொழும்பு: நமது வாக்கு எதைத் தீர்மானிக்கிறது?

உள்ளூராட்சித் தேர்தல் வந்தால் நமதூர்களில் என்ன பேசப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். வீதிக்குக் கொங்கிறீட், வடிகானுக்கு மூடி, ஒழுங்கைக்கு விளக்கு, குப்பைக்கு வண்டி. அதற்கு மேல், தவிசாளர் யார் என்ற போட்டி. 2025 மே 6 ஆம் திகதி நடந்த தேர்தலிலும் நான் கேட்ட மேடைகளில் இவைதான் ஒலித்தன. நள்ளிரவில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் எத்தனை நிமிடத்தில் வண்டி வரும், அதற்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வியை எந்த வேட்பாளரும் எழுப்பியதாக எனக்கு நினைவில்லை. வாக்காளர்களாகிய நாமும் கேட்கவில்லை.

கேட்காததற்கு ஒரு காரணம் உண்டு. இந்தச் சேவைகள் யாருடைய பொறுப்பு என்பதே நம்மில் பலருக்குத் தெளிவில்லை. பொலிஸ் சரியில்லை என்று நகர சபை உறுப்பினரிடம் முறையிடுகிறோம். தீயணைப்பு வண்டி இல்லை என்று பாராளுமன்ற உறுப்பினரிடம் கேட்கிறோம். இரண்டுமே முகவரி மாறிய கடிதங்கள். இந்தக் குழப்பம் தெளிந்தால்தான் நமது வாக்குக்கும் நாம் கட்டும் வரிக்கும் பெறுமதி வரும்.

இரண்டு சேவைகள், இரண்டு பணப்பைகள்

இலங்கையில் பொலிஸ் என்பது மத்திய அரசாங்கத்தின் நிறுவனம். 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அதன் அடிப்படை. காத்தான்குடி பொலிஸ் நிலையத்துக்கு எத்தனை பேர், எத்தனை வாகனம், எவ்வளவு எரிபொருள் என்பதெல்லாம் கொழும்பில் முடிவாகின்றது. பணம் பாராளுமன்றம் நிறைவேற்றும் வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகின்றது. நகர சபைக்கு அதில் ஒரு சதப் பங்கும் இல்லை, ஒரு சொல் அதிகாரமும் இல்லை.

1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் பொலிஸ் அதிகாரத்தின் ஒரு பகுதியை மாகாண சபைகளுக்கு எழுத்தில் கொடுத்தது. மாகாணப் பொலிஸ் பிரிவு, அதற்குத் தலைமையாக ஒரு பிரதிப் பொலிஸ்மா அதிபர் என்றெல்லாம் அதில் இருக்கின்றது. ஆனால் எந்த அரசாங்கமும் அதை நடைமுறைப்படுத்தவில்லை. கிழக்கு மாகாண சபையின் ஆயுட்காலமோ 2017 செப்டெம்பரில் முடிந்துபோனது. அதன் பின்னர் மாகாண சபைத் தேர்தலே நடைபெறவில்லை. ஆளுநரும் அதிகாரிகளுமே நிருவாகத்தை நடத்துகிறார்கள்.

தீயணைப்பு இதற்கு நேர் எதிர். அது உள்ளூராட்சி மன்றங்களின் தலையில் விழும் பொறுப்பு. மட்டக்களப்பு மாநகர சபைக்குத் தீயணைப்புப் பிரிவு இருக்கின்றது. கல்முனை மாநகர சபைக்கும் இருக்கின்றது. மாநகர சபைகளுக்கு வருமானம் கூட. ஆகவே ஆளும் வண்டியும் வைத்திருக்க முடிகின்றது. நகர சபைகளும் பிரதேச சபைகளும் கைக்கு எட்டியதை வைத்துச் சமாளிக்கின்றன. பல இடங்களில் குடிநீர் கொண்டுபோகும் பவுசர்தான் தீயணைப்பு வண்டியும் ஆகின்றது.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில்

நமது ஊர்களின் நில அமைப்பு இந்தப் பிரச்சினையை இன்னும் கூர்மையாக்குகின்றது. காத்தான்குடி ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலும் இருக்க, இடையில் ஒடுங்கிய நிலத்தில் நெருக்கமாகக் கட்டப்பட்ட ஊர். நாட்டிலேயே சன நெருக்கம் மிகக் கூடிய இடங்களில் ஒன்று. வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர், கடையோடு கடை. ஆட்டோ நுழையவே சிரமப்படும் ஒழுங்கைகள். கீழே புடவைக் கடை, மேலே குடும்பம். சமையலறையில் எரிவாயு சிலிண்டர், மண்டபத்தில் இரவு முழுக்கச் சார்ஜில் கிடக்கும் பற்றரி. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த செய்திகளை நாம் மறந்திருக்க முடியாது.

மட்டக்களப்பு நகரின் மத்தியிலிருந்து புறப்படும் எந்த வண்டியும் கல்லடிப் பாலத்தைத் தாண்டி, ஒரே பிரதான வீதியில், நாவற்குடாவைக் கடந்துதான் காத்தான்குடிக்கு வரவேண்டும். பாடசாலை விடும் நேரத்திலோ பெருநாள் சந்தைக் காலத்திலோ அந்த வீதியின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. வடக்கே ஏறாவூருக்கும் இதே கதை. ஓட்டமாவடிக்குத் தூரம் இன்னும் கூட. மூடிய அறையொன்றில் பிடித்த தீ சில நிமிடங்களில் அறை முழுவதையும் பற்றிக்கொள்ளும். வண்டி வருவது பெரும்பாலும் எரிந்த வீட்டைக் காப்பாற்ற அல்ல, பக்கத்து வீட்டைக் காப்பாற்றவே. அதற்கும் நேரத்தோடு வந்தால்தான் முடியும்.

சுற்றிவர நீர் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். வாவி நீரை இறைக்கலாம்தான். ஆனால் வண்டி வாவிக்கரைக்குப் போக வழி வேண்டும். உவர் நீர் பட்ட பம்பியை ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவாவிட்டால் அது துருப்பிடித்துப்போகும். வீதியோரத்தில் நீர் இணைப்பு வேண்டும் என்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையோடு பேசி முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். எல்லாமே தீப்பிடிப்பதற்கு முந்திய வேலைகள்.

வண்டி கிடைக்கும், ஆளுக்குச் சம்பளம்?

நமது சமூகம் கொடுக்கத் தயங்காத சமூகம். ஒரு வண்டி வாங்க வேண்டும் என்று ஜும்ஆவில் அறிவித்தால் காசு சேர்ந்துவிடும். வெளிநாட்டிலிருந்தும் வரும். ஆனால் தீயணைப்பின் செலவு வண்டியில் இல்லை, மனிதர்களில் இருக்கின்றது.

ஒரு வண்டிக்குச் சாரதியோடு 5 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரவு பகலாக 8 மணி நேர முறையில் 15 பேர். லீவு, சுகவீனம், பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்தால் 20 பேர் இல்லாமல் முடியாது. ஊரில் 10,000 வீடுகள் மாதம் 100 ரூபாய் வீதம் கொடுத்தால் ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபாய். அதை 20 பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு மாதம் 50,000 ரூபாய். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளமே 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆக, அந்த 100 ரூபாய் சம்பளத்துக்கு மட்டுமே போதும். டீசல், குழாய், பாதுகாப்பு உடை, திருத்த வேலை எல்லாம் வேறு. இவை ஒரு கற்பனை ஊருக்கான கணக்குத்தான். ஆனால் செலவின் அளவு என்னவென்று விளங்கிக்கொள்ள இது போதும்.

மன்றத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகின்றது? நாம் கட்டும் ஆதன வரி, வியாபார அனுமதிக் கட்டணம், கடை வாடகை, மாகாண சபை ஊடாக வரும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும். நிரந்தர ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி அரசாங்க மானியமாக வருகின்றது. ஆனால் புதிய பதவியொன்றை உருவாக்க முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது கிடைக்கும் வரை மன்றம் தன் சொந்தப் பணத்தில் தற்காலிகமாக ஆள் வைக்க வேண்டும். ஆதன வரி பல வருடமாக நிலுவையில் கிடக்கும் ஒரு மன்றத்தால் அது எப்படி முடியும்? வரியைக் கூட்டுவேன் என்று சொல்லும் வேட்பாளருக்கு நாம் வாக்குப் போடுவோமா?

வரியை வாக்குக்கு விடும் நாடுகள்

அமெரிக்காவின் பல சிற்றூர்களில் இந்தக் கேள்வி வாக்குச் சீட்டிலேயே வருகின்றது. தீயணைப்புக்கு இவ்வளவு சொத்து வரி, இத்தனை வருடத்துக்கு. ஆம் அல்லது இல்லை. ஒஹாயோ மாநிலத்தில் இது வழமை. மக்கள் இல்லை என்றால் ஆட்குறைப்பு, நிலைய மூடல் என்று விளைவு நேரடியாக வந்து சேரும்.

பிரித்தானியாவின் பெட்ஃபர்ட்ஷயரில் 2015 மே 7 ஆம் திகதி பொலிஸுக்கான வரியை 15.8 வீதம் உயர்த்துவதா என்று வாக்கெடுப்பு நடந்தது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் லூட்டன் நகரம் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றது. ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். டெனசி மாநிலத்தின் சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரத்தில் 2010 இல் நடந்தது இன்னும் கொடுமை. நகர எல்லைக்கு வெளியே இருந்தவர்கள் ஆண்டுக்கு 75 டொலர் சந்தா கட்டினால்தான் நகரத்தின் தீயணைப்புப் படை வரும். கட்டாத ஒருவரின் வீடு எரிந்தபோது படையினர் வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீடு சாம்பலானது.

இந்த முறைகளை நாம் அப்படியே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சந்தா முறை நமக்கு ஒவ்வாது; காசு கட்டாத அயலவனின் வீடும் நமக்கு அமானிதம்தான். ஆனால் ஒரு பாடம் இருக்கின்றது. அந்த மக்களுக்குச் சேவையின் விலை தெரியும். அதைத் தெரிந்துகொண்டு ஆம் என்கிறார்கள், அல்லது இல்லை என்கிறார்கள். நமக்கு விலையும் தெரியாது, தெரிவும் இல்லை.

பாதுகாப்பு இல்லாமல் இருந்த ஊர் இது

இது வெறும் நிருவாகப் பேச்சல்ல. 1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் புலிகளிடம் வீழ்ந்தன. சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் ஷஹீதாக்கப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரிலும் இரத்தம் ஓடியது. அக்காலத்தில் வாவியின் இரு கரையிலும் தமிழ் மக்களும் காக்க ஆளின்றி மாண்டார்கள். பாதுகாப்பு இல்லாத இரவு எப்படி இருக்கும் என்பதை நமது மூத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

2019 இன் பாடம் வேறு. ஸஹ்ரானின் போக்கைப் பற்றி ஊர் மக்கள் பொலிஸுக்கு முன்கூட்டியே முறைப்பாடு செய்தார்கள். 2017 மார்ச்சில் காத்தான்குடியிலேயே மோதலும் நடந்தது. இருந்தும் தடுக்கப்படவில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதியும் முன்னாள் பொலிஸ்மா அதிபரும் உள்ளிட்டவர்கள் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர் சொன்னதைக் கேட்கும் கடமை பொலிஸுக்கு ஏட்டில் இருந்தது, நடைமுறையில் இருக்கவில்லை. பணமும் அதிகாரமும் முழுக்க மேலிருந்து வரும்போது காது மேல்நோக்கியே இருக்கும்.

நாம் செய்யக்கூடியது

உறங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்த செய்தி கேட்டு அவர்கள் நெருப்பை மனிதனின் விரோதி என்று எச்சரித்ததை ஹதீஸ் கிரந்தங்களில் காண்கிறோம். உமர் (ரழி) அவர்கள் இரவில் ஊரைச் சுற்றி வந்தது நமது பிள்ளைகளுக்கும் தெரிந்த வரலாறு. வருமுன் காப்பது நமக்குப் புதிய பாடமல்ல.

முதலாவது, மன்றத்தின் அடுத்த வரவு செலவுத் திட்டத்தைப் பார்ப்போம். தீயணைப்புக்கு எவ்வளவு, அதில் ஆளுக்கு எவ்வளவு என்று வட்டார உறுப்பினரிடம் கேட்போம். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. விண்ணப்பம் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பொலிஸ் சம்பந்தமான கேள்விகளைப் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும் கொண்டுபோவோம். மாகாண சபைத் தேர்தலையும் விடாமல் கேட்போம்.

மூன்றாவது, செலவைப் பகிர்வோம். காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் தனித்தனியாக ஒரு படை என்பது இரண்டுக்கும் தாங்காது. நகர சபையும் மண்முனைப்பற்றுப் பிரதேச சபையும் மாநகர சபையோடு உட்கார்ந்து, எல்லை பாராமல் வரும் ஒரு பொது ஏற்பாட்டைப் பேசலாம். ஏறாவூர் நகர சபையும் ஏறாவூர்ப்பற்றும் அப்படியே. தீ தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று பார்ப்பதில்லை. கொவிட் காலத்தில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நாடெங்குமிருந்து வந்த ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. வேற்று மதத்தவர்களின் உடல்களும் அங்கே வந்தன. அந்தப் பணியில் கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபை முன்னின்றது. சிறிய மன்றமும் மனம் வைத்தால் பெரிய காரியம் செய்யும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

நான்காவது, வண்டியையும் கருவிகளையும் வக்ஃபாகக் கொடுக்க முன்வருபவர்கள் இருக்கிறார்கள். அதை வாங்கும் முன் மன்றத்திடம் ஒரு நிபந்தனை வைப்போம்: அதை ஓட்டவும் பராமரிக்கவும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்பட வேண்டும். அந்தப் பணம் நமது ஆதன வரியிலிருந்துதான் வரும். வரியைக் கட்டாமல் வண்டியைக் கேட்பது நியாயமில்லை. கட்டிய பிறகு கணக்குக் கேட்காமல் இருப்பதும் நியாயமில்லை.