சரக்கு வழியில், தவணை வாசலில்

ஏற்றுமதி, இறக்குமதித் தொழிலில் ஈடுபட்டுள்ளோருக்குச் சரக்குத் தாமதம் புதிதன்று. ஆனால், அத்தாமதம் காலங்கடந்து தெரியவரும்போதுதான் அது பெரும் இழப்பாக மாறுகிறது. 2021 மார்ச் 23 அன்று ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே தரைதட்டி, ஆறு நாட்கள் போக்குவரத்தை முடக்கியது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டதால், பல கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின. இதனால் இந்தியா – ஐரோப்பா பயணம் சுமார் 10 முதல் 14 நாட்கள் வரை நீண்டது.

இந்த நாட்கள் நடைமுறை மூலதனத்தை எவ்வாறு பாதிக்கின்றன? ஓர் இறக்குமதியாளர், பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 90 நாட்களில் பணம் செலுத்தும் எல்.சி. பெற்றிருப்பதாகக் கொள்வோம். சரக்கு 30 நாட்களில் வந்தால், அதை விற்றுப் பணம் திரட்ட 60 நாட்கள் கிடைக்கும். 44 நாட்களில் வந்தால் எஞ்சுபவை 46 நாட்களே. கப்பல் தாமதமானாலும் தவணைத் தேதி மாறாது. அன்று கணக்கில் பணம் இல்லையெனில், வங்கி தானே செலுத்திவிட்டு அத்தொகையை வாடிக்கையாளரின் பெயரில் கடனாக எழுத நேரிடும்.

ஏற்றுமதியாளரின் நிலை வேறு. எல்.சி.யில் குறிப்பிட்ட கடைசி ஏற்றுமதித் தேதிக்குள் சரக்கு கப்பலேறாவிட்டால், ஆவணங்களைக் குறையுடையவை எனக் கூறி வெளிநாட்டு வங்கி மறுக்கலாம். தேதியைத் திருத்த எல்.சி. வழங்கிய வங்கியின் ஒப்புதல் தேவை; அதற்குச் சில நாட்களாவது அவகாசம் வேண்டும்.

அந்த அவகாசத்தை அளிப்பவையே உடனடித் தகவல்கள். பன்னாட்டுப் பயணம் மேற்கொள்ளும் 300 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்கள், தம் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும். உள்நாட்டில், 2016இல் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கப்பட்ட ‘லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க்’ கன்டெய்னர்களின் நகர்வைப் பதிவு செய்கிறது. கன்டெய்னரில் இணைக்கப்படும் ஆர்.எஃப்.ஐ.டி. பட்டையைத் துறைமுக வாயில்களிலும் சுங்கச்சாவடிகளிலும் உள்ள கருவிகள் படிக்கின்றன. நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்ட கன்டெய்னர் எண்ணை இட்டால், அது கடந்துவந்த இடங்களை அறியலாம். பல அரசுத் துறைகளின் போக்குவரத்துத் தகவல்களை ஒருங்கிணைக்கும் ‘யூலிப்’ தளமும் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது.

தகவலைப் பார்ப்பதோடு பணி முடிந்துவிடாது. பின்வருவனவற்றையும் கருத்திற்கொள்வது நலம்:

• ஒவ்வொரு சரக்குக்கும் எதிர்பார்க்கும் வருகை, கடைசி ஏற்றுமதித் தேதி, பணம் செலுத்தும் தேதி ஆகியவற்றை ஒரே பட்டியலில் எழுதி, வாரந்தோறும் ஒப்பிடுக.

• துறைமுகத்தில் சரக்கை எடுக்கத் தாமதித்தால் டெமரேஜ் கட்டணம் சேரும். எனவே வருகைத் தேதி மாறியதும் சுங்க முகவருக்கும் லாரி உரிமையாளருக்கும் தெரிவியுங்கள்.

• வருகைத் தேதி ஒரு மதிப்பீடே. பதற்றமான கடற்பகுதிகளில் சில கப்பல்கள் ஏ.ஐ.எஸ். கருவியை அணைத்துவிடுவதும் உண்டு. கப்பல் நிறுவனத்திடமும் கேட்டு உறுதி செய்க.

• எல்.சி.யில் வங்கிகள் ஆவணங்களையே பரிசீலிக்கின்றன. திரையில் தெரியும் தகவல் ஆவணத்துக்கு ஈடாகாது.

தாமதம் உறுதியானவுடன் தங்கள் கிளையை அணுகுங்கள். தவணைக்கு மூன்று வாரங்கள் முன்னரே தெரிவித்தால், நடைமுறை மூலதன வரம்பைத் தற்காலிகமாக உயர்த்துவது பற்றிப் பரிசீலிக்க இயலும். தவணை நாளன்று வந்தால், அதற்கான வழிகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.