மும்பைத் தமிழர் பகுதிகளும் மழை வெள்ளமும்: கணினி மாதிரிகள் எச்சரிப்பது என்ன?

புது தில்லி: உள்நாட்டில் உருவாக்கப்பட்ட "பாரத் முன்னறிவிப்பு முறை"யை 2025-ஆம் ஆண்டு மே 26-ஆம் தேதி மத்திய புவி அறிவியல் துறை இணை அமைச்சர் (தனிப் பொறுப்பு) ஜிதேந்திர சிங் தலைநகரில் தொடங்கி வைத்தார். அதே நாளில் மும்பையில் தென்மேற்குப் பருவமழை கால் பதித்தது. 1950-க்குப் பிறகு இவ்வளவு முன்னதாக அங்கு பருவமழை தொடங்கியது இல்லை. திறக்கப்பட்டு ஒரு மாதம்கூட நிறைவடையாத ஆசார்ய அத்ரே சௌக் சுரங்க மெட்ரோ ரயில் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது.

முன்னறிவிக்கும் கருவிகள் ஆண்டுதோறும் கூர்மை பெற்று வருகின்றன. ஆனால், அவை தரும் எச்சரிக்கைக்கு ஏற்ப நகரம் தயாராகிறதா என்ற கேள்விக்கு இன்னும் தெளிவான விடை இல்லை. இக்கேள்வி தமிழர்களுக்கு அந்நியமானது அல்ல. மும்பையில் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளுமே வெள்ளத்தோடு தொடர்புடையவை.

விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரைச் சுமந்து வரும் மித்தி ஆறு, மாஹிம் கழிமுகத்தில் கடலைச் சேரும் இடத்தை ஒட்டியே தாராவி அமைந்துள்ளது. மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதிகள் தாழ்வானவை. செம்பூரை அடுத்த மாஹுலில் ஒருபுறம் குன்றுச் சரிவுக் குடிசைகள், மறுபுறம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் கழிமுகமும் உள்ளன.

944 மி.மீ. மழை:

பருவநிலை மாற்றம் குறித்து மும்பையில் நடைபெறும் எந்த விவாதமும் 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதியைக் குறிப்பிடாமல் நிறைவடைவதில்லை. அன்று காலை தொடங்கி 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 944 மி.மீ. மழை பதிவானது. பிற்பகலில் ஒரே மணி நேரத்தில் 190 மி.மீ.க்கும் அதிகமாகப் பெய்தது. சுமார் 25 கி.மீ. தெற்கே உள்ள கொலாபாவில் அதே 24 மணி நேரத்தில் பதிவான மழையோ சுமார் 73 மி.மீ. மட்டுமே.

மகாராஷ்டிரத்தில் அப்பெருமழைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியாயினர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் மும்பையைச் சேர்ந்தவர்கள். நகரின் பழைய வடிகால்கள், கடல் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் நேரத்தில் மணிக்கு 25 மி.மீ. மழையை வெளியேற்றும் திறன் கொண்டவையாகவே வடிவமைக்கப்பட்டிருந்தன. கடல் ஏற்றத்தின்போது அந்தத் திறனும் இராது. மழைநீர் கடலுக்குள் செல்வதற்குப் பதிலாக, கடல்நீர் வடிகாலுக்குள் ஏறிவிடும். அன்றும் பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே பிற்பகலில் சேர்ந்து வந்தன.

அப்போது மும்பையில் டாப்ளர் ராடார் கிடையாது. சாந்தாகுரூஸ் மீது நிலைகொண்ட மேகத் திரள் எவ்வளவு மழையைக் கொட்டப் போகிறது என்று முன்கூட்டியே கூற எவராலும் இயலவில்லை.

மாதிரி என்பது என்ன?

பருவநிலை மாதிரி என்பது காற்று, கடல், நிலம், பனி ஆகியவற்றின் இயக்கத்தை இயற்பியல் விதிகளின்படி கணக்கிடும் கணினி நிரல் ஆகும். பூமிப் பரப்பையும் அதன் மேலுள்ள வளிமண்டலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் எவ்வாறு மாறும் என்று அது கணக்கிடுகிறது. கரியமில வாயுவின் அளவை மாற்றிக் கொடுத்தால், அதற்கேற்ப 50 அல்லது 100 ஆண்டுகளுக்குப் பிந்தைய பருவநிலை எவ்வாறு இருக்கும் என்பதையும் காட்டுகிறது.

இது நாளைய மழையைக் கூறும் முன்னறிவிப்பிலிருந்து வேறுபட்டது. குறிப்பிட்ட தேதியில் தாராவியில் மழை பெய்யுமா என்று பருவநிலை மாதிரி கூறாது. நூறாண்டுக்கு ஒருமுறை வந்த பெருமழை, இனி எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடும் என்பதையே கூறும். பாலத்தின் உயரத்தையும் வடிகாலின் அகலத்தையும் முடிவு செய்யும் பொறியாளருக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது கணக்குதான்.

இம்மாதிரிகளுக்கு வரம்பும் உண்டு. உலகளாவிய மாதிரி ஒன்றின் கட்டம் நூறு கிலோமீட்டர் அகலம் கொண்டதாக இருந்தால், கொலாபா முதல் முலுண்ட் வரை மும்பை முழுவதும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். 2005-இல் சாந்தாகுரூஸுக்கும் கொலாபாவுக்கும் இடையே இருந்த வேறுபாடு அக்கணக்கில் தெரியவே தெரியாது. எனவே, உலக மாதிரியின் விடைகளை எடுத்து, குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் சிறு கட்டங்களில் மீண்டும் கணக்கிடுகின்றனர்.

பிரிட்டனின் ஹாட்லி மையம் உருவாக்கிய "பிரசிஸ்" என்ற வட்டார மாதிரி இதற்கு இந்தியாவில் நெடுங்காலம் பயன்படுத்தப்பட்டது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010 நவம்பரில் வெளியிட்ட, 2030-களில் இந்தியாவின் நிலை குறித்த மதிப்பீடும் அதன் அடிப்படையில் அமைந்ததே. பின்னர் புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், நாட்டின் முதலாவது புவி அமைப்பு மாதிரியை உருவாக்கியது. ஐ.நா.வின் பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கு இடையேயான குழுவின் ஆறாவது மதிப்பீட்டுக்கு ஆதாரமான உலக மாதிரிகளின் வரிசையில் அதுவும் இடம்பெற்றது.

மும்பைக்கான கணக்கு:

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்புக்காக மும்பையின் வெள்ள அபாயம் குறித்து ஆய்வாளர்கள் மேற்கொண்ட ஆய்வு 2010-இல் வெளியானது. பிரசிஸ் மாதிரியின் கணிப்புகளை நகரின் வெள்ள வரைபடத்தோடும் சொத்து மதிப்போடும் இணைத்துப் பார்த்த ஆய்வு அது. பசுமை இல்ல வாயுக்களின் வெளியேற்றம் தடையின்றி உயருமானால், 2005 போன்ற பெருமழை வருவதற்கான வாய்ப்பு 2080-களில் இரு மடங்குக்கும் அதிகமாகக்கூடும் என்பது அதன் முடிவு. இது மேல்வரம்புக் கணிப்பு என்பதையும் ஆய்வாளர்கள் தெளிவுபடுத்தியிருந்தனர். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தின் இழப்பு, பருவநிலை மாற்றத்தால் மட்டுமே மூன்று மடங்காகக்கூடும் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர்.

அதே ஆய்வு நம்பிக்கையூட்டும் மற்றொரு முடிவையும் கூறியது. வடிகால் அமைப்பை மேம்படுத்தினால், அத்தகைய வெள்ளத்தின் இழப்பை 70 சதவீதம் வரை குறைக்க முடியும்.

மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையும் இதே திசையையே காட்டுகிறது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது. 1951 முதல் 2015 வரை கோடைப் பருவமழையின் மொத்த அளவு சுமார் 6 சதவீதம் குறைந்தது. ஆனால், ஒரே நாளில் 150 மி.மீ.க்கு மேல் கொட்டும் மழை மத்திய இந்தியாவில் 1950-க்கும் 2015-க்கும் இடையே சுமார் 75 சதவீதம் அதிகரித்துள்ளது. அதாவது, மழை நாள்கள் குறைகின்றன. பெய்யும் நாளில் பேய் மழையாகப் பெய்கிறது. வட இந்தியப் பெருங்கடலின் நீர்மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மி.மீ. வீதம் உயர்ந்துள்ளது.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு சுமார் 7 சதவீதம் கூடும் என்பது இயற்பியல். அரபிக் கடல் சூடாகும்போது, மும்பையின் மீது வரும் மேகம் கொண்டுவரும் நீரும் கூடுகிறது. கடல்மட்டம் உயர உயர, அந்த நீர் வெளியேறும் வாசலும் குறுகுகிறது.

பூர்வீகத்திலும் அதே மழை:

தாராவித் தமிழர்களில் பெரும்பாலோரின் வேர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் உள்ளன. மழை பொய்த்த ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 2023 டிசம்பரில் அதே தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. சாந்தாகுரூஸில் 2005-இல் பெய்த மழைக்கு ஏறத்தாழ இணையான அளவு அது. அம்மழைக்கு உரிய எச்சரிக்கை உரிய நேரத்தில் தரப்பட்டதா என்பதில் மத்திய அரசுக்கும் தமிழக அரசுக்கும் இடையே கருத்து மோதல் ஏற்பட்டது.

சென்னையில் உருவான எச்சரிக்கை முறை:

2005-க்குப் பிறகு மும்பையில் எதுவுமே நடைபெறவில்லை என்று கூற முடியாது. சென்னையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் உருவாக்கிய "ஐஃப்ளோஸ்-மும்பை" என்ற ஒருங்கிணைந்த வெள்ள எச்சரிக்கை முறை 2020 ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னைக்காக வகுக்கப்பட்ட முறையைப் பின்பற்றியது இது. மழை அளவு, கடல் ஏற்றம், ஆற்று நீர்மட்டம், வடிகால் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு, எந்தப் பகுதியில் எவ்வளவு தண்ணீர் தேங்கும் என்று முன்கூட்டியே கூற முயல்கிறது. வெராவலியில் இரண்டாவது டாப்ளர் ராடார் 2022 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. பாரத் முன்னறிவிப்பு முறையின் கட்ட அளவு 6 கி.மீ.; முன்பு அது 12 கி.மீ. ஆக இருந்தது.

எனினும், எச்சரிக்கையால் மட்டும் உயிர் காக்கப்படுவதில்லை. 2021 ஜூலை 18-ஆம் தேதி அதிகாலை, செம்பூர் மாஹுலின் பாரத் நகரில் கனமழையின்போது குன்றுச் சரிவு வீடுகள் மீது சுவர் இடிந்து விழுந்து 19 பேர் பலியாயினர். சரிவில் குடியிருப்பவர்களுக்கு மாற்று இடம் இல்லாதபோது, கைப்பேசிக்கு வரும் எச்சரிக்கையைக் கொண்டு அவர்கள் எங்கே செல்வது?

ஐந்து அமைச்சகங்கள்:

இங்குதான் தில்லியின் பொறுப்பு வருகிறது. மழையைக் கணிப்பது புவி அறிவியல் அமைச்சகம். பேரிடர் நிதி உள்துறையிடம் உள்ளது. நகர வடிகால் குறித்த கொள்கை வீட்டு வசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தைச் சேர்ந்தது. பருவநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல் திட்டம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கையில் உள்ளது. மும்பையின் உப்பள நிலங்களோ வர்த்தக, தொழில் அமைச்சகத்தின் கீழ் வரும் உப்பு ஆணையரின் நிர்வாகத்தில் உள்ளவை. ஒரு மாதிரி தரும் எண், இந்த ஐந்து மேஜைகளையும் கடந்தாக வேண்டியுள்ளது.

மாட்டுங்கா, சயான், செம்பூர் பகுதிகளின் மழைநீரைக் கடலுக்குள் தள்ளத் திட்டமிடப்பட்ட மாஹுல் நீரேற்று நிலையமே இதற்கு உதாரணம். மணிக்கு 50 மி.மீ. மழையைத் தாங்கும் வகையில் வடிகால்களை மாற்றியமைக்கும் திட்ட அறிக்கை 1993-லேயே தயாரானது. 2005 வெள்ளத்துக்குப் பிறகே அத்திட்டத்துக்கு மத்திய அரசு சுமார் ரூ.1,200 கோடி உதவிக்கு ஒப்புதல் அளித்தது. ஹாஜி அலி, இர்லா, லவ் குரோவ் உள்ளிட்ட நிலையங்கள் அதன்பின் இயங்கத் தொடங்கின. மாஹுல் நிலையம் மட்டும், உப்பள நிலத்தைப் பெறுவதில் ஏற்பட்ட சிக்கலால் பல ஆண்டுகள் தாமதமானது.

தாராவி மறுசீரமைப்பிலும் உப்பளங்கள் இடம்பெறுகின்றன. தரைத்தளத்தில் 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்து குடியிருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு என்பது திட்டம். மாடி அறைகளில் வசிப்போர் போன்றவர்களுக்கு வெளியே வீடு வழங்கப்படும். இதற்காக காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் உள்ள சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தைப் பயன்படுத்த மகாராஷ்டிர அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. பெருமழையின்போது உபரி நீரை ஏற்கும் தாழ்நிலம் இது என்கின்றனர் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள். கிழக்கு விரைவுச் சாலை அமைந்த பிறகு கடல்நீர் அங்கு வருவதில்லை என்பது திட்டத் தரப்பின் வாதம்.

இரு தரப்பில் எது சரி என்பதை மேடைப் பேச்சால் முடிவு செய்ய இயலாது. 2050-இல் கடல்மட்டம் எவ்வளவு இருக்கும், ஒரே நாளில் 300 மி.மீ. மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்தால் அந்நிலத்தில் தண்ணீர் எத்தனை அடி நிற்கும் என்று கணக்கிடும் மாதிரிகள் நம்மிடமே உள்ளன. மித்தி ஆற்றின் கரையிலிருந்து அகற்றப்படும் குடும்பங்கள், மற்றொரு வெள்ளப் பகுதியில் குடியேற்றப்படுகிறார்களா என்பதைக் கட்டுமானத்துக்கு முன்பே அறிந்துகொள்ள முடியும்.

நிதி இருக்கிறது, நிபந்தனை தேவை:

15-ஆவது நிதிக் குழு, ஏழு பெருநகரங்களின் வெள்ளத் தடுப்புக்காக ரூ.2,500 கோடியைப் பரிந்துரைத்தது. மும்பை, சென்னை, கொல்கத்தாவுக்குத் தலா ரூ.500 கோடி. இதில் சென்னைத் திட்டத்துக்கு முதலாவதாக 2023 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. அப்போது மிக்ஜம் புயல் வெள்ளம் சென்னையில் முழுமையாக வடிந்திருக்கவில்லை.

மழைக்காலக் கூட்டத்தொடரும் மும்பை வெள்ளமும் பெரும்பாலும் ஒரே மாதத்தில் வருபவை. அவையில் உறுப்பினர்கள் நிவாரணம் கேட்கின்றனர். அமைச்சர்கள் ஒதுக்கீட்டைப் பட்டியலிடுகின்றனர். மத்திய அரசின் நிதியிலோ நிலத்திலோ அமையும் ஒவ்வொரு நகர்ப்புறத் திட்டத்துக்கும் எதிர்கால மழை, கடல்மட்டக் கணிப்பின்படி வெள்ள ஆய்வு நடத்தி, அதன் முடிவைப் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையை நாடாளுமன்றம் விதிக்கலாம். அவ்வாறு நடந்தால், மாஹுலில் எந்தச் சரிவு ஆபத்தானது, முலுண்டில் எந்த ஏக்கர் குடியிருக்கத் தகாதது என்பது, வீட்டுச் சாவியை வாங்குவதற்கு முன்பே தாராவிக் குடும்பங்களுக்குத் தெரியவரும்.