பக்கத்தில் உட்காருபவருக்கும் தகுதி வேண்டும்

கேரளத்தின் பாறசாலையில் எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம் எடுத்தவர், மாநில எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டி, தமிழ்நாட்டின் மார்த்தாண்டம்வரை கார் ஓட்டிப் பழகலாமா? பழகலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, பழகுநர் உரிமம் இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது. அந்த உரிமத்தோடு வரும் நிபந்தனைகளும் எல்லையில் நின்றுவிடுவதில்லை. அவை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆவது விதியில் இருக்கின்றன. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்து தெரிய வேண்டும். அட்டை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது. அந்த வகை வண்டிக்கு உரிமம் உள்ள ஒருவர் உடன் இருக்க வேண்டும். அதுவும் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில். எல் போர்டை எல்லோரும் ஒட்டிவிடுகிறார்கள். உயிரைக் காக்கக்கூடியது அந்தக் கடைசி நிபந்தனைதான்.

பின்சீட்டில் அமர்ந்து வழி சொல்லும் அண்ணன் இந்த விதிக்குள் வரமாட்டார். முன்சீட்டில் இருந்தால் கைபிரேக்காவது எட்டும். டிரைவிங் ஸ்கூல் கார்களில் பயிற்சியாளர் காலடியிலும் பிரேக் இருக்கிறது. இரட்டைக் கட்டுப்பாட்டை அங்கே விதி கட்டாயமாக்கியுள்ளது, இரு சக்கர வாகனத்துக்கு மட்டும் விலக்கு. ஸ்கூட்டரின் பின்னால் இருப்பவரால் எதையும் நிறுத்த முடியாது என்பதை இந்த விலக்கே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் 3ஆவது விதி இருவகைப் பழகுநரிடமும் ஒரே நிபந்தனையைக் கேட்கிறது. பிரிட்டனில் இரு சக்கர வாகனம் பழகுபவர் அடிப்படைப் பயிற்சியை முடித்த பிறகே சாலைக்கு வருகிறார். நமக்கும் அதுவே நேர்மையான வழி.

காரைப் பொறுத்தவரை குறை வேறு. உடன் இருப்பவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும் என்று நம் விதி கேட்பதே இல்லை. நேற்று உரிமம் வாங்கியவர் இன்று ஆசானாகலாம். பிரிட்டனில் அவருக்கு 21 வயது நிரம்பி, உரிமம் பெற்று மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும். இங்கும் அப்படிக் கேட்டால், ஒரே ஒருவருக்கு மட்டும் கார் ஓட்டத் தெரிந்த வீடுகள் என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் உடன் இருப்பவர் டிரைவிங் ஸ்கூல்காரராகவோ உறவினராகவோ இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அனுபவமுள்ள பக்கத்து வீட்டுக்காரர் போதும். அவர் கிடைக்கும்வரை காத்திருக்கவும் இடமுண்டு. பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழிந்த பிறகே சோதனை. ஊர்ச் சாலையில் மெதுவாகத்தானே பழகுகிறோம் என்பது இன்னொரு வாதம். இந்தப் பகுதியின் ஊர்ச் சாலைகள் சிறிது தூரத்திலேயே தேசிய நெடுஞ்சாலை 66இல் ஏறிவிடுகின்றன. அங்கே இரு மாநில பஸ்களும் லாரிகளும் பழகுநருக்காக வேகம் குறைப்பதில்லை. விதி திருத்தப்படும்வரை வீடுகளே இதை முடிவு செய்யலாம்: மூன்றாண்டு ஓட்டிய அனுபவம் இல்லாதவர் பழக்க வேண்டாம், முன்சீட்டில் உட்காராமல் பழக்க வேண்டாம், முதல் வாரங்களில் நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம்.