"ஆமாம்" என்று சொல்வதற்கு முன்

"ஊதச் சொன்னாங்க, ஊதினேன். கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். கோர்ட்ல குடிச்சியான்னு கேட்டாங்க, ஆமான்னேன். இப்போ லைசென்ஸை மூணு மாசம் முடக்கிட்டாங்க, வக்கீலம்மா."

கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றும் குட்டியானை ஓட்டுநர் ஒருவர் என்னிடம் வந்து சொன்னது இது. சைதாப்பேட்டை நீதிமன்ற வாசலில் பலர் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகுதான் வக்கீலைத் தேடுகிறார்கள்.

100 மி.லி. இரத்தத்தில் ஆல்கஹால் 30 மி.கி.யைத் தாண்டினால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு. முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை சிக்கினால் சிறை 2 ஆண்டு வரை போகும், அபராதம் 15,000. அவர் சொன்ன "ஆமாம்" முதல் குற்றமாகப் பதிவாகிவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், அந்தத் தண்டனை கூடுதலா, சட்டப்படி சரியா என்பதை மட்டுமே மேல்முறையீட்டில் கேட்கலாம். குடிக்கவே இல்லை என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை.

அதனால் முதலில் கருவி காட்டிய எண்ணைப் பாருங்கள். எண் 30க்குக் கீழே என்றால் 185 பொருந்தாது. கருவி தரும் சீட்டில் பெயர், தேதி, நேரம் சரியாக இருக்கின்றனவா என்று படித்த பிறகே கையெழுத்து. இருமல் மருந்தோ, வாய் கொப்பளிக்கும் மருந்தோ வாயில் தங்கியிருந்தால் அளவு ஏறித் தெரியலாம். கால் மணி நேரத்தில் அது அடங்கிவிடும். கைதானவருக்குக் காவல் நிலையத்தில் ஊதிக்காட்ட வாய்ப்புத் தர வேண்டும் என்று 203ஆம் பிரிவே சொல்கிறது. கேட்டு வாங்குங்கள். ஊத மாட்டேன் என்று மட்டும் அடம்பிடிக்காதீர்கள். தக்க காரணமில்லாத மறுப்பு, வழக்கில் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

185இல் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் விடுவிக்க வேண்டும். 202ஆம் பிரிவின் இந்த வரி பலருக்குத் தெரிவதில்லை. பெண்ணிடம் ஆண் மருத்துவர் இரத்தம் எடுத்தால், இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். 185 ஜாமீனில் விடக்கூடிய குற்றம். கைதுக்கான காரணத்தைச் சொல்லவும், வீட்டாருக்குத் தகவல் தரவும் காவல்துறை கடமைப்பட்டது. தெருவிலேயே பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் 185 இல்லை. எனவே ரசீதில்லாமல் யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வாடை அடித்தது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது என்பவை மட்டுமே குடித்ததற்குச் சான்றாகா என்று உச்ச நீதிமன்றம் 1971இல் பச்சுபாய் வழக்கில் சொன்னது. இரத்தப் பரிசோதனையின் அருமை அங்கேதான்.

குடிகாரரைத் தப்பவைக்க வழி சொல்கிறாயா என்று என் வீட்டிலேயே கேட்பதுண்டு. இல்லை. 2006இல் மும்பை கார்ட்டர் சாலையில், நடைபாதையில் தூங்கிய கூலித் தொழிலாளர்கள் மீது குடிபோதையில் ஓட்டப்பட்ட கார் ஏறியது. 7 பேர் இறந்தார்கள். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று ஓட்டியவருக்கு விதித்த 3 ஆண்டு சிறையை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது சரியான தீர்ப்பு. அப்படிப்பட்டவருக்குத் தண்டனை நிலைக்க வேண்டுமானால் சோதனையும் ஆவணமும் ஒழுங்காக இருந்தாக வேண்டும். அதே ஒழுங்குதான் குடிக்காதவரையும் காப்பாற்றும்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.