ஒருவர்க்கு ஒரு மண் கெண்டி

ஐதராபாத் என்றவுடன் நினைவுக்கு வருவது இரானித் தேநீர். பெரிய பாத்திரத்தில் மூடிவைத்து நெடுநேரம் காய்ச்சிய வடிநீரில் கெட்டிப் பால் சேர்த்து வழங்கப்படும் அது, பலர் கூடிப் பருகுவதற்குரியது. ஆனால், பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலையையொட்டி வளர்ந்த ராமச்சந்திராபுரம் போன்ற தொழில்நகர்களில், வேலைமுறை முடிந்து வந்து தனியே அமர்ந்து தேநீர் அருந்துவோரும் உளர். அவர்களுக்கென்றே அமைந்தது போன்ற கலம் ஒன்று உண்டு. அதுவே கண்ணாடிப் பூச்சு இல்லாத, கையால் வனைந்த சிறு மண் கெண்டி.

சீனத்தின் ஊதா மண்

இவ்வகைக் கெண்டிகளுக்குப் புகழ்பெற்ற ஊர் சீனாவின் ஜியாங்சு மாநிலத்திலுள்ள யிசிங். அங்கே மிங் மரபினர் ஆட்சிக்காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் இக்கலை செழித்தது. 100 முதல் 150 மில்லிலிட்டர் கொள்ளும் கெண்டியில் இலையை நிறைய இட்டு, வெந்நீர் ஊற்றி, அரை நிமிடத்திற்குள் வடித்துவிடுவர். அதே இலையில் மீண்டும் மீண்டும் நீர் ஊற்றிப் பல முறை பருகுவர். நம் மண்பானையில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. யிசிங் மண்ணோ மிகுந்த வெப்பத்தில் சுடப்பட்டு இறுகுவதால் நீர் கசிவதில்லை. எனினும் அதன் நுண்துளைகள் தேநீரின் மணத்தைச் சிறிது ஏற்றுக்கொள்கின்றன.

மணிப்பூரின் கருங்கலம்

நம் நாட்டிலும் இதற்கு இணையான மரபு உண்டு. மணிப்பூர் மாநிலம் உக்ருல் மாவட்டத்தின் லாங்பி சிற்றூர்களில் தாங்குல் நாகா மக்கள் செர்பென்டினைட் என்னும் பாறையைப் பொடித்துக் களிமண்ணுடன் பிசைகின்றனர். சக்கரம் பயன்படுத்துவதில்லை, கையாலும் அச்சாலுமே வனைகின்றனர். காய்ந்த கலங்களைத் திறந்த நெருப்பில் சுட்டு, சூடு ஆறுமுன் ஒருவகை இலையால் தேய்க்கின்றனர். அதனால் அவை கருமையும் மினுமினுப்பும் பெறுகின்றன. பிரம்புக் கைப்பிடியுடன் தேநீர்க் கெண்டிகளும் இவ்வாறு உருவாகின்றன.

ஐதராபாத் மாதாப்பூரிலுள்ள சில்பாராமம் கைவினைக் கிராமத்திற்குச் செல்லும் வாசகர்கள், பல மாநிலக் கைவினைஞர்களின் மண்கலங்களை அங்கே நேரில் கண்டு ஒப்பிடலாம்.

வாங்கும்போதும் பேணும்போதும்

• நீர் நிரப்பிச் சிறிது நேரம் வைத்துக் கசிவு உள்ளதா எனப் பாருங்கள். மூடி ஆடாமல் பொருந்த வேண்டும். நீர் மூக்கின் வழியே தடையின்றி வீழ வேண்டும்.
• அடுப்பில் வைக்கலாமா என விற்பவரிடம் கேட்டறியுங்கள். சிறு கெண்டிகள் பெரும்பாலும் வெந்நீர் ஊற்றுவதற்கே உரியவை.
• பால் வேண்டா. துளைகளில் தங்கும் பால் புளித்து நாற்றம் தரும்.
• சோப்பு வேண்டா. வெந்நீரால் அலசி, மூடியைத் திறந்து உலர்த்துங்கள்.

குயவரின் கணக்கு

கையால் செய்த கெண்டியின் விலை அச்சில் வார்த்ததைவிட மிகுதியே. சூளையில் வெடிப்பவை, மழையில் காயாதவை ஆகியவற்றின் இழப்பையும் அவ்விலையே ஈடுசெய்ய வேண்டும். களிமண்ணுக்கும் விறகுக்கும் முன்பணம் தேவை. 1 லட்சம் ரூபாயை நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டியில் வெளியே வாங்கினால், இரண்டே மாதங்களில் வட்டி மட்டும் 6,000 ரூபாய்.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் இங்கே துணை நிற்கிறது. குயவுத் தொழில் உட்பட 18 தொழில்கள் இதில் அடங்கும். பிணையின்றி முதற்கட்டமாக 1 லட்சம் ரூபாய் வரை, 18 மாதத் தவணையில், 5 விழுக்காடு வட்டியில் கடன் கிடைக்கும். மாதத் தவணை ஏறத்தாழ 5,780 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 4,000 ரூபாய் மட்டுமே. அதனை முறையாகச் செலுத்தி முடித்தோர், திட்ட விதிகளுக்கு உட்பட்டு, அடுத்த கட்டமாக 2 லட்சம் ரூபாய் வரை பெறலாம். கருவிகளுக்கு 15,000 ரூபாய் ஊக்கத்தொகையும் உண்டு. பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்யலாம்.

நம் வாசகர்களுள் குயவர் குடும்பத்தை அறிந்தோர் பலர் இருப்பர். அடுத்த முறை அவர்களிடம் கலம் வாங்கும்போது, பேரம் பேசுமுன் இச்செய்தியையும் சொல்லுங்கள்.